நம் வீட்டுப் படத்தை ரப்பர் சீலாகச் செய்வது எப்படி: கோடு போடுவதில் தொடங்கி மை தொடுவது வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் விளையில் (தோட்டத்தில்) 300 ரப்பர் மரம் நிற்கிறது. விடியும் முன்பே சித்தப்பா நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். வெயில் ஏறுவதற்குள் பாலை எடுத்து உறைய ஊற்றியாகிவிடும். மறுநாள் ஷீட் அடித்துக் கொடியில் தொங்கும். இப்படி ரப்பர் வாசத்திலேயே வளர்ந்த நான், வீட்டுப் படம் போட்ட ஒரு சீல் செய்யக் கிளம்பியபோது, அதற்கு வேண்டிய ரப்பரை மார்த்தாண்டத்தில் காசு கொடுத்து வாங்கினேன். ரப்பருக்குப் பேர்போன குலசேகரத்துக்காரர்கள் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டு ஷீட்டை முயன்று பார்க்காமல் இல்லை. புகைப்புரையிலிருந்து தேன் நிறத்தில் ஒரு துண்டை எடுத்து வந்து கத்தி வைத்தேன். வெட்டுப்படாமல் கத்தியோடு இழுபட்டு வந்தது. விட்டதும் பழையபடி சுருங்கிக்கொண்டது. ஒரு கோடுகூட நிற்கவில்லை. ஆசிட் விட்டு உறைய வைத்துப் புகையில் காயப்போட்ட ஷீட் இன்னும் பச்சை ரப்பர்தான் என்பதே காரணம். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் வடிவம் நிலைக்கும், வெயிலில் பிசுபிசுக்காது. 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசேஷன் இதுதான். பழைய சீல் கடைகளில் ஈய எழுத்துகளைக் கோத்து, அதன்மேல் அச்சு எடுத்து, கந்தகம் கலந்த ரப்பரை அந்த அச்சில் வைத்து 150 டிகிரி அளவுச் சூட்டில் அழுத்துவார்கள். வீட்டு அடுப்பில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். கந்தகம் எரிந்தால் வரும் புகை மூச்சை அடைக்கும்.

நமக்கு இருப்பது மூன்று வழிகள். ஒன்று, மிருதுவான ரப்பர் கட்டையில் நாமே கையால் செதுக்குவது. இரண்டாவது, படத்தைக் கடையில் கொடுத்து லேசரில் செதுக்கி வாங்குவது. மூன்றாவது, பாலிமர் சீல். படத்தின் நெகட்டிவ் ஃபிலிமை வைத்து, திரவமாக இருக்கும் பாலிமரின்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடம் கெட்டியாகும், படாத இடம் சோப்புத் தண்ணீரில் கழுவிப் போய்விடும். சிறிய ஊர்க் கடைகள் பலவற்றிலும் இந்த மூன்றாவது மிஷின் இருக்கிறது. மை உள்ளேயே நிரப்பிய ஃபிளாஷ் சீலும் உண்டு. ஆபீஸ் கையெழுத்துக்கு அது நல்லது. வீட்டுப் படத்துக்கு ஒரே நிறத்தில் கட்டிப்போட்டுவிடும் என்பதால் எனக்குப் பிடிக்காது.

என் கட்சி கைச்செதுக்கல். எந்த வழியில் போனாலும் படம் வரைவது பொது என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம். நான் கெடுத்த நான்கு சீல்களில் மூன்று, கத்தி எடுக்கும் முன்பே படத்திலேயே கெட்டவை.

வீட்டைப் பார்ப்பது

வீட்டுக்கு எதிரே, கூரையின் இரண்டு கோடியும் தலையைத் திருப்பாமல் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக இருக்கும் காலையோ சாயங்காலமோ நல்ல நேரம். மொபைலில் நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து எடுத்தால் வீடு கம்பீரமாகத் தெரியும்தான். ஆனால் 5 செ.மீ. அகல சீலில் சாய்ந்த கோடுகளெல்லாம் நெருங்கிப்போய்க் குழம்பும். முதல் சீலுக்கு நேர் முகப்பே போதும்.

இனி எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். என் முதல் படத்தில் எல்லாமே இருந்தது: கரண்ட் மீட்டர், டிஷ் ஆண்டெனா, துணிக்கொடி, சாய்த்து நிறுத்திய ஸ்கூட்டர், ஒவ்வொரு ஓடு. சிறிதாக்கிப் பார்த்தால் பேனா மை கொட்டியது போல இருந்தது. இரண்டாவது முறை நான்கு சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஓட்டுக் கூரையின் முகப்பு, வாசல் படி இரண்டு, கிணறு, பின்னால் நிற்கும் பலா. பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன். யார் வீடு என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டான்.

ஓட்டுக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். தக்கலைப் பக்கம் போகும்போது பத்மநாபபுரம் அரண்மனையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். (தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை, எல்லையோர வாழ்க்கையில் இப்படிப் பல உண்டு.) அதன் கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணி மாளாது. ஆனால் கண்ணில் விழுவது சரிவும் முகட்டு விளிம்பும் முகப்பு முக்கோணமும்தான். ஓடு இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதனால் கண் அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே கூரை முழுவதையும் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். அதன்மேல் படுக்கைவாட்டில் நான்கைந்து வெள்ளைக் கோடு, இறவாணத்தின் (கூரையின் கீழ் விளிம்பின்) ஓரத்தில் மட்டும் ஓடு ஓடாகச் சின்ன வளைவுகள். அவ்வளவே.

இதில் செதுக்கும் வசதியும் இருக்கிறது. சீலில் நாம் வெட்டி எடுக்கும் இடம் வெள்ளை, விட்டுவைக்கும் இடம் மை. கறுப்புக்குள் ஒரு வெள்ளைக் கோடு வேண்டுமானால் உளியை ஒரே இழுப்பு இழுத்தால் போதும். வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு வேண்டுமானால் அதன் இரண்டு பக்கமும் இருக்கிற எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, அந்த ஒரு கோட்டை மட்டும் உடையாமல் காப்பாற்ற வேண்டும். படம் வரையும்போதே இதை நினைவில் வைத்தால் பிறகு பாதி வேலை மிச்சம். ஜன்னலையும் இப்படியே கறுப்பாக்கி, கம்பிகளை வெள்ளையாக எடுத்துவிடலாம். சுவர் வெள்ளை, வாசல் கறுப்பு, படி வெள்ளை, அதன் நிழல் கறுப்பு என்று மாற்றி மாற்றி வந்தால் சிறிய அளவிலும் பளிச்சென்று தெரியும்.

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் முகம் வாட வேண்டாம். கூரைக்குச் சரிவு இல்லாவிட்டால் வேறு அடையாளம் இருக்கும். கேட்டில் வைத்த டிசைன், மாடிப்படி வளைவு, பால்கனிக் கைப்பிடி, மேலே உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் டேங்க். எங்கள் ரோட்டில் புதிதாகக் கட்டிய நான்கு வீடுகளில் தண்ணீர் டேங்கை எடுத்துவிட்டால் எது யாருடையது என்றே சொல்ல முடியாது. டேங்கை வரைய வெட்கப்படாதீர்கள்.

வரையும் அளவு, சீலின் அளவைப்போல இரண்டு மடங்கு. 5 செ.மீ. சீல் வேண்டுமென்றால் 10 செ.மீ. அகலத்தில் வரைந்து, ஜெராக்ஸ் கடையில் 50 சதவீதமாகச் சுருக்கி எடுங்கள். கையால் செதுக்க, சுருக்கிய படத்தில் மிக மெல்லிய கறுப்புக் கோடும் 1 மி.மீ. இருக்க வேண்டும். பெரிய படத்தில் 2 மி.மீ. என்று கணக்கு. பால்பாயிண்ட் பேனாவை மூடி வைத்துவிட்டு மார்க்கரில் வரைந்தால் இந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும். சாம்பல் நிறம், பென்சில் தேய்ப்பு எதுவும் கூடாது. சீலுக்கு மை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டு பேச்சுதான் தெரியும்.

முடிந்ததும் படத்தை மொபைலில் எடுத்துக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் உங்கள் வீடாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் இன்னும் எதையோ எடுக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

பெயர் எழுதுவதாக இருந்தால்

எங்கள் பக்கம் கதவு எண்ணைவிட வீட்டுப் பெயர்தான் விலாசம். தபால்காரருக்குப் பெயர் போதும். அதனால் படத்துக்கு அடியில் பெயரையும் சேர்க்க ஆசை வரும். இங்கே தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு, அது புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளி, சீலில் நான்கு பக்கமும் வெட்டுப்பட்டுத் தனியாக நிற்கும் ஒரு சின்னத் தூண். உளி லேசாகத் தட்டினாலும் கீழே விழும். தப்பித்தாலும் நாலு முறை சீல் அடித்ததும் சாயும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக, 1.5 மி.மீ. அளவில் வையுங்கள். எழுத்தோடு ஒரு மெல்லிய பாலம் போட்டு ஒட்டிவைத்தாலும் தப்பில்லை, அச்சில் அது உறுத்தாது. எங்கள் வீட்டுப் பெயர் பலாவிளை. புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லாமல் பெயர் வைத்த முன்னோருக்கு நன்றி. ஆனால் ளை-யின் சுழியும், 'வீடு' என்று சேர்க்கும்போது வீ-யின் தலையில் வரும் சுழியும் என் பொறுமையைத் தின்றன. எழுத்து உயரம் 8 மி.மீ.க்குக் குறைந்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு மைக்கட்டியாகத்தான் விழும். சின்னதாகத்தான் வேண்டும் என்றால் படத்தைக் கையால் செதுக்கி, பெயரை மட்டும் கடையில் பாலிமரில் தனியாகச் செய்யுங்கள்.

சிங்க முத்திரை, அரசு கோபுர முத்திரை போன்றவற்றை அழகுக்காகக்கூடச் சேர்க்க வேண்டாம். தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சாமான்கள்

லினோ கட்டர் செட் ஒன்று. மரப்பிடியும், மாற்றிப் போடக்கூடிய ஐந்து சின்ன அலகுகளும் இருக்கும். அதில் வி வடிவ அலகு கோட்டுக்கு, யு வடிவ அலகு வெளியை வெட்டி எடுக்க. கூடவே ஒரு பேப்பர் கட்டர், டிரேசிங் பேப்பர், 2பி பென்சில், ஸ்டாம்ப் பேட்.

ரப்பருக்கு, செதுக்குவதற்கென்றே கார்விங் பிளாக் கிடைக்கிறது. ஆர்ட் கடையில் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுவோம், இல்லையென்றால் ஆன்லைன். பழகுவதற்குப் பள்ளிக்கூட அழிரப்பரிலேயே பெரிய சைஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தூள் அதிகம் உதிராத வெள்ளை ரகம் நன்றாக வெட்டுப்படும். அழிரப்பர் என்று பெயர் இருந்தாலும் அந்த வெள்ளை ரகத்தில் பெரும்பாலும் இருப்பது பிவிசி பிளாஸ்டிக். மரத்துப் பாலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது பின்னால் இரண்டு இடத்தில் முக்கியமாக வரும்.

படத்தை ரப்பருக்கு ஏற்றுவது

சுருக்கிய ஜெராக்ஸின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, கறுப்பு இடங்களை எல்லாம் பென்சிலால் நன்றாக அழுத்தி நிரப்புங்கள். அந்தப் பேப்பரைக் குப்புறக் கவிழ்த்து ரப்பரின்மேல் வைத்து, நகராமல் பிடித்துக்கொண்டு, ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். பென்சில் கரி ரப்பரில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ரப்பரில் வீடு இடம் வலம் மாறித் தெரியும். பதற வேண்டாம், அப்படித்தான் தெரிய வேண்டும். அச்சடிக்கும்போது இன்னொரு முறை திரும்பி நேராகிவிடும். டிரேசிங்கைக் கவிழ்த்ததிலேயே ஒரு திருப்பல் நடந்துவிட்டது, அதனால் மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ முன்கூட்டியே திருப்பக்கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் ஒரு கடையில் லேசருக்குக் கொடுத்தபோது, கெட்டிக்காரத்தனமாகப் படத்தை வீட்டிலேயே திருப்பி எடுத்துப் போயிருந்தேன். கடையில் வழக்கம்போல் அவர்களும் ஒரு முறை திருப்பினார்கள். பெயர் இல்லாத படம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அடித்துப் பார்த்தால், கிழக்கே பார்த்த எங்கள் வீட்டின் வடகிழக்கில் இருக்கும் கிணறு தென்கிழக்குக்குப் போய்விட்டது. "அக்கினி மூலையில கிணறா? யாரு தம்பி ஸ்தானம் பாத்தது?" என்று ஆசாரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ரப்பரில் பதிந்த கரி கை பட்டால் அழியும். பதிந்ததும் மெல்லிய பேனாவால் ஓரங்களை ஒரு முறை எழுதிவிடுங்கள். படம் ஏற்றும் முன்பே ரப்பரின் மேல்பரப்பில் வெளிர் நிற மையை லேசாகத் தட்டித் துடைத்துக் காயவிட்டால், வெட்டிய இடம் வெள்ளையாகவும் வெட்டாத இடம் நிறமாகவும் பிரிந்து தெரியும். கண்ணுக்கு அது பெரிய உபகாரம்.

செதுக்குவது

வி உளியை முதன்முதல் கையில் எடுத்து உட்கார்ந்த அன்று சித்தப்பா திண்ணையில் இருந்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "இது நம்ம வெட்டுக்கத்திக்க குட்டியில்லா" என்றார். உண்மைதான். பால் வெட்டும் கத்தியின் முனையும் இப்படி மடிந்துதான் இருக்கும்.

நான் கூரையில் முதல் கோட்டைப் போட்டேன். ஆரம்பத்தில் ஆழம் போதாமல் வழுக்கியது. அழுத்தினேன், சட்டென்று உள்ளே புதைந்து கோடு அகன்று, பக்கத்துக் கோட்டில் போய் முட்டியது. "மக்களே, அழுத்தாத. அதுவா போவும்" என்று வாங்கிக்கொண்டார். கையைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்தார். உளியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு இடது கையால் ரப்பரை உளிக்கு எதிராக நகர்த்தினார். நூல் போல ஒரே சுருளாக வெள்ளை இழை எழும்பி வந்தது, அறுபடவே இல்லை. மரத்தில் பட்டை சீவும்போது தடியில் காயம் படாமல் 1 மி.மீ. அளவுக்குப் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். அதைத் தினமும் இருட்டில் செய்கிற கைக்கு இது ஒரு வேலையா? கூரையின் மிச்ச நான்கு கோட்டையும் அவரே போட்டார். அந்தச் சீலில் கூரை மட்டும் தனி அழகாக இருந்தது.

அவரிடம் அன்று கற்றதை இப்படிச் சொல்லலாம். உளியை 30 டிகிரிக்கு மேல் தூக்காதீர்கள். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். உளி போகும் திசையில் விரலை வைக்காதீர்கள், பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால். அலகு மழுங்கினால் மாற்றிவிடுங்கள். மழுங்கிய அலகுதான் வழுக்கும், வழுக்கும் அலகுதான் கையைக் கிழிக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைகள்: ஜன்னல் கம்பி, ஓட்டுக் கோடு, கிணற்றின் வாய். சுற்றிலும் ரப்பர் கெட்டியாக இருக்கும்போதே இவற்றை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டின் வெளிக்கோடு முழுவதையும் வி உளியால் ஒரு சுற்று. அப்புறம் யு உளியால் வெளிப்பக்கத்தை வாரி எடுக்கலாம். கோடுகளுக்கு 1 மி.மீ. ஆழம் போதும். விரிந்த வெள்ளை இடங்களுக்கு 2 மி.மீ.யாவது வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கும்போது பேப்பர் தொய்ந்து அங்கே மை தொடும்.

வெட்டின் சுவர் எப்போதும் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கட்டும். கிணற்றுக் கரைக்கு மண் அணைப்பது போல, மேலே ஒடுங்கி அடியில் அகன்று நிற்க வேண்டும். கத்தி உள்பக்கமாகச் சாய்ந்து கோட்டுக்கு அடியில் குடைந்துவிட்டால், அந்தக் கோடு முதலில் ஆடும், பிறகு பிய்ந்து வரும்.

வீட்டுப் படத்தில் மேலே வானம் பெரிய வெறும் இடம். அதைச் செதுக்கிக்கொண்டு உட்காராமல், கூரையையும் மரத்தையும் ஒட்டி 2 மி.மீ. விளிம்பு விட்டுப் பேப்பர் கட்டரால் ரப்பரையே அறுத்து எறிந்துவிடுங்கள். வானத்தில் அழுக்குப் புள்ளி விழும் தொல்லை அதோடு ஒழிந்தது.

அடித்துப் பார்ப்பது, திருத்துவது

தூளைத் தட்டிவிட்டு, செலோ டேப்பை ஒரு முறை ஒட்டி எடுத்தால் மிச்சத் துகளும் கரியும் போய்விடும். சீலை மேசையில் முகம் மேலாக வைத்து, அதன்மேல் ஸ்டாம்ப் பேடைத் தட்டுங்கள். சீலைப் பேடில் குத்தினால் பள்ளங்களிலும் மை இறங்கும். பேப்பருக்கு அடியில் நாலு பக்க நோட்டு ஒன்றை மெத்தை போல வைத்துக்கொண்டு நேராக அழுத்தி நேராக எடுங்கள். ஆட்டினால் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும்.

முதல் அச்சில் சுற்றிலும் சின்னச் சின்னக் கீற்றுகள் விழுந்திருக்கும். யு உளி விட்டுப்போன மேடுகள் அவை. அச்சையும் சீலையும் பக்கத்தில் வைத்து, இடம் வலம் மாற்றிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சீவுங்கள். சிலர் அந்தக் கீற்று கைவேலையின் அழகு என்று விட்டுவிடுவார்கள். வீட்டைச் சுற்றி இருந்தால் புல் முளைத்தது போல நன்றாகவே இருக்கும், சுவரில் விழுந்தால் விரிசல் போலத் தெரியும். நான் சுவரை மட்டும் சுத்தம் செய்வேன்.

எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் அச்சு, திருத்தம், அச்சு என்று நான்கைந்து சுற்று போகப் பொறுமை வேண்டும். வெட்டுப்பட்டுப் போன கோட்டைப் பசை போட்டு ஒட்டி நான் ஒருபோதும் ஜெயித்ததில்லை. கோடு போய்விட்டால் படத்தை மாற்றிக்கொள்வேன். ஒரு முறை ஜன்னல் கம்பி இரண்டு போய்விட்டது. மிச்சத்தையும் எடுத்துவிட்டேன், திறந்த ஜன்னலாகிவிட்டது.

கடையில் கொடுத்துச் செய்தால்

மெல்லிய கோடு, நிறைய ஓடு, சின்ன எழுத்து என்று பிடிவாதமாக இருந்தால் லேசரோ பாலிமரோதான். அசல் படத்தை 600 டிபிஐயில், வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யுங்கள். மொபைல் படத்தில் மூலைகளில் சாம்பல் நிழல் விழும், அது சீலில் புள்ளிக்காடாக வரும். பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அளவு மாறாது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பெரும்பாலான கடைகளில் கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில்தான் வேலை. கோடு 0.4 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "நேர் படம்தான் தந்திருக்கிறேன், திருப்புவது உங்கள் வேலை" என்பதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். மிஷினில் போடும் முன் திரையில் ஒரு முறை காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

லேசரில் வந்த ரப்பர் கரி படிந்து எரிந்த வாடை வீசும். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் பாதி செதுக்கிய அழிரப்பரைக் கொண்டுபோய் "இதில் பெயரை லேசரில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். பிவிசி லேசரில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் கேடு, மிஷினும் துருப்பிடித்துப் போகும். லேசருக்கென்றே வரும் ரப்பர் ஷீட் வேறு.

கட்டையில் ஏற்றுவது

ஆசாரியிடம் கேட்டால் அயனியிலோ பலாவிலோ துண்டுக் கட்டை கிடைக்கும். ரப்பர் மரத் தடி வேண்டாம். மருந்து ஏற்றாத ரப்பர் தடியில் வண்டு விழுந்து, சீக்கிரத்தில் மாவாகக் கொட்டும். சீலைவிடக் கட்டை ஓரம் இரண்டு மில்லி பெரிதாக இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால் அடிக்கும்போது வீடு எங்கே விழும் என்று தெரியாது.

கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் ஷீட் வையுங்கள். பேப்பர் மேடு பள்ளமாக இருந்தாலும் அச்சு சீராக விழும். லேசர் ரப்பருக்கு ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசை: இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நழுவும். அழிரப்பருக்குப் பசை சரியாகப் பிடிக்காது, இரட்டைப் பக்க டேப்தான். பாலிமருக்குக் கடையிலேயே ஒட்டிய பிடியோடு கொடுத்துவிடுவார்கள். கட்டையின் தலையில் சீலை ஒரு முறை அடித்து, எந்தப் பக்கம் மேலே என்று தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மை, பேப்பர், மழை

ஆபீஸ் ஊதா மை கவருக்குப் போதும். கூரை நிறம் வேண்டும் என்றால் பிக்மெண்ட் இங்க் பேடில் செங்கல் நிறம் வாங்குங்கள். அது மெதுவாகக் காயும், ஆனால் வெளுக்காது. பளபளப்பான கல்யாணப் பத்திரிகை அட்டையில் சாதாரண மை காயவே காயாது. விரல் பட்டால் வீடு இழுகிப் போகும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அந்த நாட்களில் பேப்பரே ஈரம் குடித்திருக்கும், மை கோட்டை விட்டு நூல் நூலாகப் பரவும். அடிக்க வேண்டிய கவர்களை முந்தின நாள் இரவு டிவிக்குப் பக்கத்திலோ அரிசி டப்பாவிலோ வைத்து எடுத்தால் கொஞ்சம் தேவலை. கெட்டியான, வழவழப்பு இல்லாத பேப்பர் எப்போதும் நல்லது.

கவரில் அடிப்பதானால் இடது பக்கம் கீழே, அனுப்புநர் விலாசத்தோடு. தபால் தலை ஒட்டும் வலது மேல் மூலையில் வேண்டாம். துணிப்பையில் அடிக்க ஃபேப்ரிக் பெயிண்டை ஸ்பாஞ்சில் மெல்லியதாகத் தொட்டு சீலில் தட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, அச்சின்மேல் ஒரு துணி போட்டு அயர்ன் செய்துவிடலாம். பெயிண்ட் சீலில் காய்ந்துவிடும் முன்பே கழுவ வேண்டும். காய்ந்தால் ஜன்னலும் கிணறும் அடைத்துப்போகும்.

கழுவ வெறும் தண்ணீரும் சோப்பும்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். ரப்பர் அவற்றைக் குடித்து ஊதும், கோடெல்லாம் தடித்துவிடும். வெயிலில் காயவைக்கவும் கூடாது.

எடுத்து வைப்பதில்தான் என் முதல் சீல் போனது. வெள்ளை அழிரப்பரில் செதுக்கிய அதை ஒரு பிளாஸ்டிக் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய், காலப்போக்கில் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்று அப்போது தெரியாது. ஓணத்துக்குத் தம்பி மனைவி வீட்டுக்கு அனுப்பும் கவரில் அடிக்கலாம் என்று திறந்தால், சீல் பெட்டியோடு உருகி ஒட்டியிருந்தது. கத்தியால் நெம்பி எடுத்தேன். கூரையும் பலாவும் வந்தன, வாசல் படி இரண்டும் பெட்டியிலேயே நின்றுவிட்டன. இப்போது ஒவ்வொரு சீலையும் பேப்பரில் சுற்றி, தகர டப்பாவில் வைக்கிறேன்.